பொடி வைத்து ஊதிய மோதிரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

பேச்சுக்குள் வேறொரு பொருளை மறைத்துப் பேசுவாரைக் கண்டால், "என்ன, பொடி வைத்துப் பேசுகிறீர்கள்?" என்று கேட்பது நம் வழக்கம். பொற்கொல்லர் பட்டறையில் பொடி என்பது இரண்டு தங்கத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு. அதை இணைப்பில் வைத்து ஊதுகுழலால் தீயைச் செலுத்தினால், பொடி உருகி ஓடித் துண்டுகளை ஒன்றாக்கிவிடும். வேலை நன்கு அமைந்தால் பொடி இருக்குமிடம் கண்ணுக்குத் தெரியாது. வேலை கெட்டுவிட்டாலோ நன்றாகவே தெரியும். அதைக் காணும் நிலை சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் நான் கற்றுக்கொண்டவை நண்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

மோதிரம் வந்த கதை

என் அக்காவுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போல் உழைத்துப் பிழைப்பவர்களே. மாப்பிள்ளையின் பாட்டி தம் பழைய கம்மலிலிருந்து ஒரு கெம்புக் கல்லைக் கழற்றிக் கொடுத்து, தம் ஊர் ஆசாரியிடம் சொல்லி, அக்காவுக்கென்றே ஒரு மோதிரம் செய்வித்தார். நான்கு நகங்கள் கல்லைப் பிடித்திருக்கும். கல்லின் இருபுறமும் தொடங்கும் கொடி வேலைப்பாடு வளையத்தின் அடியில் வந்து ஒன்று சேரும். எந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியிலும் அதற்கு இணை இல்லை என்று எங்கள் தெருவே பேசிக்கொண்டது.

அளவுதான் சற்றுப் பெரிதாகிவிட்டது. அக்கா நூற்பாலையில் வேலை செய்பவள். ஒருநாள் மோதிரம் விரலிலிருந்து நழுவிக் கழிவுப் பஞ்சில் விழுந்து, அரைமணி நேரம் தேடி எடுத்தாள். திருமணத்துக்கு இன்னும் நாற்பது நாள். ஆசாரியின் ஊரோ வெகு தொலைவு. "டவுன்லே பெரிய கடை இருக்கே, அங்கே கொடுத்துச் சின்னதாக்கிடலாம்" என்றார் அம்மா. "நீ படிச்ச பிள்ளை, நீயே போய்க் கொடுத்துட்டு வா" என்று அப்பா என்னிடம் ஒப்படைத்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தத் தாளில் கையெழுத்திடுவதானாலும் அப்பா என்னைப் படித்துச் சொல்லச் சொல்வார். அந்தப் படித்த பிள்ளை என்ன செய்தான்? குளிரூட்டிய அந்தக் கடையில் மெத்தை நாற்காலியில் உட்காரக் கூசி, நின்றுகொண்டே மோதிரத்தை நீட்டினான். ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டைக் கொடுத்தார்கள். படித்துப் பார்க்க நேரம் கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களோ என்று அஞ்சி, படிக்காமலே கையெழுத்திட்டான். இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான்.

நான்கு குறைகள்

ஐந்தாம் நாள் மோதிரம் திரும்பி வந்தது. அக்கா விரலில் போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. ஆனால் அவள் முகம் வாடியது. முதலாவது, வளையத்தின் அடியில் வெளிறிய கோடு ஒன்று ஓடியது. இரண்டாவது, கொடி ஒன்று சேருமிடத்தில் வெட்டுண்டு, இலைகள் பாதியாய் நின்றன. மூன்றாவது, கெம்பு மங்கி, மூச்சுப் பட்ட கண்ணாடி போல் இருந்தது. ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் வேறு. நான்காவது, கையில் எடுத்தாலே மோதிரம் மெலிந்துவிட்டது தெரிந்தது.

"கல்லையே மாத்திட்டாங்களோ?" என்றார் அம்மா. அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. நாளைக்குச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "நாங்க கொடுத்த கல் எங்கே? அடகு வெச்சீங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது? அப்பா இரவு உணவு கொள்ளவில்லை. "பெரிய இடத்துக்காரங்ககிட்டே நாம சண்டை போட முடியாதுப்பா. கல்யாணம் முடியற வரைக்கும் வெளியே காட்டாம வெச்சிருப்போம்" என்றார். அழுவதும் மறைப்பதும் தவிர மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆர்க்கிமிடீஸ் கைவிட்டார்

மறுநாள் பேராசிரியரின் அனுமதி பெற்று மோதிரத்தை ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தேன். சைரக்யூஸ் மன்னனின் கிரீடத்தை நீரில் அமிழ்த்திக் கலப்படம் கண்டுபிடித்த ஆர்க்கிமிடீஸ் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தூய தங்கத்தின் அடர்த்தி 19.3. வெள்ளியும் செம்பும் கலந்த 22 காரட் தங்கத்துக்கு அது ஏறத்தாழ 17.8. மோதிரத்தை நீரில் தொங்கவிட்டு எடை பார்த்தால் பொடியில் செய்த மோசம் வெளிப்பட்டுவிடும் என்று நம்பினேன்.

பேராசிரியர் சிரித்தார். "மோதிரத்தில் கல் இருக்கிறதே, அதன் எடை தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. கெம்பின் அடர்த்தி 4 தான். கல்லின் எடை தெரியாமல் தங்கத்தின் அடர்த்தியைப் பிரித்தறிய இயலாது. மேலும், ஓர் இணைப்பில் இருக்கும் பொடி பத்து இருபது மில்லிகிராம். அதன் தரம் குறைந்திருந்தாலும், இடம்பெயரும் நீரின் எடையில் ஒரு மில்லிகிராம் கூட வேறுபாடு வராது. எங்கள் தராசின் கடைசி இலக்கம் அசையாது. "சோதனை செய்யும் முன், அந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று கணக்கிட வேண்டும்" என்றார் அவர். பாடப் புத்தகத்தில் படித்தும் மனத்தில் பதியாத உண்மை அன்று பதிந்தது.

எடை சொன்ன சாட்சி

அடர்த்தி கைவிட்டாலும் எடை கைவிடவில்லை. நான் படிக்காமல் கையெழுத்திட்ட சீட்டிலேயே மோதிரத்தின் எடை 4.200 கிராம் என்று எழுதியிருந்தது. ஆய்வகத் தராசில் இப்போது 3.910. குறைவு 290 மில்லிகிராம்.

மோதிரத்தைச் சிறிதாக்க ஒரு துண்டை வெட்டித்தான் ஆக வேண்டும். எவ்வளவு? உள்விட்டம் 17.5 மில்லிமீட்டராக இருந்ததை 16.5 ஆக்கியிருந்தார்கள். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3.14 மடங்கு. எனவே விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க, 3.14 மில்லிமீட்டர் நீளத் துண்டை வெட்ட வேண்டும். வளையத்தின் அகலம் 2 மில்லிமீட்டர், தடிப்பு 1.2. பெருக்கினால் 7.5 கன மில்லிமீட்டர். ஒரு கன மில்லிமீட்டருக்கு 17.8 மில்லிகிராம் வீதம் 134 மில்லிகிராம். இது நியாயமாக வெட்டிய தங்கம். ஆனால் அந்தத் துண்டை எங்களுக்குத் திருப்பித் தரவில்லை.

மீதி எங்கே? இயற்பியல் துறையில் திருகு அளவியை வாங்கி வளையத்தை அளந்தேன். கல்லருகே தடிப்பு 1.20. அடிப்பக்கத்தில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சராசரி 1.08. ஆக, 0.12 மில்லிமீட்டர் அரத்துக்கு இரையாகியிருந்தது. 30, 2, 0.12 இவற்றைப் பெருக்கினால் 7.2 கன மில்லிமீட்டர். அதாவது 128 மில்லிகிராம். மோதிரம் மெலிந்தது பிரமை அல்ல. இரண்டும் சேர்ந்து 262. எஞ்சிய 28 மில்லிகிராமை மெருகுக்கும், பழைய அழுக்குக்கும், இரு தராசுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கும் விட்டுவிட்டேன். திருட்டு என்று அம்மா சொன்னதும், விதி என்று அப்பா சொன்னதும், இந்தக் கணக்குக்கு முன் சரியாகப் படவில்லை. நடந்தது கவனக்குறைவு.

வெளிறிய கோடு ஏன்?

22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், ஆயிரத்துக்கு 916. தூய தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். மோதிரம் உருகும் முன் பொடி உருக வேண்டும். இல்லாவிட்டால் நகையே குழம்பாகிவிடும். அதற்காகத் தங்கத்தோடு வெள்ளி, செம்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கூட்டிச் சேர்த்துப் பொடியின் உருகுநிலையைக் குறைக்கிறார்கள். வெள்ளியும் துத்தநாகமும் மிகுந்தால் நிறம் வெளிறும். 22 காரட் நகைக்கு அதற்கேற்ற உயர்தரப் பொடியை வைத்து, இணைப்பு முகங்களை இடைவெளியின்றிப் பொருத்தினால் கோடு தெரியாது. எளிதில் உருகும் தரக்குறைவான பொடியை அகன்ற இடைவெளியில் நிரப்பினால் கோடு விழும்.

முன்பு காட்மியம் கலந்த பொடி பரவலாக வழங்கியது. 'கே.டி.எம்.' என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிப்பது. ஊதும்போது எழும் அதன் புகை, பட்டறையில் குனிந்திருப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். துத்தநாகம் கலந்த பொடி அதன் இடத்துக்கு வந்தது இதனால்தான். நகை மின்னுவதற்காக ஒருவர் நோயாளி ஆக வேண்டியதில்லை அல்லவா?

கெம்பு மங்கியது ஏன்?

என்னை மிகவும் திகைக்க வைத்தது இதுதான். கெம்பு என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் சிறிதளவு குரோமியம் கலந்திருப்பதால் சிவப்பு நிறம். இது உருக 2000 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். பொடி வைத்து ஊதும்போது நகை அவ்வளவு சூடாவதில்லை. பிறகு கல் ஏன் கெட்டது?

எங்கள் கல்லூரிக்குப் பின்தெருவில் தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். உருப்பெருக்கியை ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தவர், "கல்லைக் கழற்றாமலே தீ காட்டியிருக்கான் தம்பி. வெண்காரம் கல் மேலே ஓடியிருக்கு. சூட்டோடே அமிலத்திலேயும் போட்டிருக்கான்" என்றார்.

வெண்காரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. செய்முறை வகுப்பில் வெண்காரமணிச் சோதனை செய்திருக்கிறோம். பிளாட்டினக் கம்பியின் நுனியில் வெண்காரத்தை உருக்கி, உலோகச் சேர்மத்தைத் தொட்டுத் தீயில் காட்டினால், அந்த ஆக்சைடு வெண்காரத்தில் கரைந்து நிறம் தரும். செம்புக்கு நீலம், குரோமியத்துக்குப் பச்சை. பட்டறையில் வெண்காரத்துக்கு அதே வேலைதான். சூட்டில் தங்கத்தின் மேல் படரும் செம்பு ஆக்சைடைக் கரைத்து விலக்கி, பொடி ஒட்ட வழி செய்கிறது. ஆனால் கெம்பும் ஓர் உலோக ஆக்சைடுதானே! உருகிய வெண்காரம் செம்பு ஆக்சைடுக்கும் பாட்டியின் கெம்புக்கும் வேற்றுமை பாராட்டாது. கல்லின் மேற்பரப்பை மெல்ல அரித்துவிடும். மதிப்பெண்ணுக்காகச் செய்து மறந்த சோதனை, அக்காவின் விரலில் நடந்திருந்தது.

விரிசலுக்குக் காரணம் வேறு. சூடான கல்லைக் குளிர்ந்த நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் வெளிப்புறம் சட்டென்று சுருங்கும். உட்புறம் சுருங்க நேரமாகும். இந்த இழுபறியில் கல் விரியும்.

மங்கல் மேற்பரப்பில் மட்டுமே இருந்தால் பட்டை தீட்டுவோர் மீண்டும் மெருகேற்றிவிடலாம். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் கல் பட்டை தீட்டும் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. விரிசலை மட்டும் எவராலும் போக்க இயலாது.

கல்லை மாற்றினார்களா என்ற ஐயத்துக்கு, நிச்சயதார்த்தத்தன்று கைப்பேசியில் எடுத்த படமே விடை தந்தது. படத்தைப் பெரிதாக்கினால் கல்லின் ஒரு மூலையில் கடுகினும் சிறிய கரும்புள்ளி. உருப்பெருக்கியில் பார்த்தால் அதே மூலையில் அதே புள்ளி. கல் பாட்டியின் கல்தான். கண்ணகியின் வழக்கையும் கண்ணீர் முடித்துவைக்கவில்லை. சிலம்பை உடைத்ததும் தெறித்த மாணிக்கப் பரலே முடித்துவைத்தது.

கடையில் நடந்தது

ஒரு தாளின் இடப்பக்கத்தில் நான்கு குறைகள்; வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அளவும் காரணமும், நாங்கள் வேண்டுவதும். இதை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கடைக்குச் சென்றேன். இம்முறை உட்கார்ந்தோம்.

"சேதாரம் போகும் தம்பி, அது சகஜம்" என்று தொடங்கினார் மேலாளர். தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "கல்லுக்குக் கடை பொறுப்பல்ல என்று சீட்டிலேயே போட்டிருக்கிறதே" என்றார். அப்படி அச்சிட்டிருந்தது உண்மை. "கல்லைக் கழற்றாமல் தீ வைத்தது யார் பொறுப்பு சார்?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. என் கால் நடுங்கியது வேறு விஷயம்.

வேலை செய்தவரை அழைத்தார்கள். மாடிப்படியின் கீழுள்ள சிறிய அறையிலிருந்து, என் வயதே இருக்கும் ஓர் இளைஞர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்று பதினொரு மோதிரம் முடிக்கச் சொன்னார்களாம். "கல் கெட்டியான கல், தாங்கும்னு நெனச்சேன்" என்றார். "இவன் கூலியில் பிடித்து உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார் மேலாளர். அதுவரை பேசாதிருந்த அப்பா, "அது வேண்டாங்க. நானும் மூட்டை தூக்கிக் கூலி வாங்கறவன். கடை செய்ய வேண்டியதைக் கடை செய்யட்டும்" என்றார். என் தாளில் எழுதாத கோரிக்கை அது.

முடிவில் கடை மூன்றை ஒப்புக்கொண்டது. கல்லைக் கழற்றியபின் கோட்டை அறுத்தெடுத்து, ஒத்த தரப் பொடியால் மீண்டும் இணைத்து, கொடியைத் தொடர்ந்து செதுக்குவது. வெட்டிய துண்டுக்கும் அரத்தில் போன தங்கத்துக்கும் ஈடு தருவது. கல்லை மெருகேற்றும் செலவை ஏற்பது. விரிசல் இருந்தபடி இருக்கும்.

ஆனால் அதற்கு முன்பே அக்கா ஒரு காரியம் செய்துவிட்டாள். மறைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. கைப்பேசியில் மாப்பிள்ளையை அழைத்து நடந்ததை முழுவதும் சொன்னாள். பாட்டி கைப்பேசியை வாங்கி, "உன் தம்பி கல்லை ஆராய்ச்சி பண்ணட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு" என்றாராம். அன்றிரவுதான் அப்பா வயிறாரச் சாப்பிட்டார்.

நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

1. நகையைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கல்லின் புள்ளி, கீறல் தெரியும்படி அருகிலிருந்தும் எடுங்கள்.

2. எடையை உங்கள் கண்முன் நிறுத்துச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெட்டும் துண்டு திரும்ப வருமா, எந்தத் தரப் பொடி வைப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. கல்லைக் கழற்றிவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முத்தும் பவழமும் மரகதமும் கெம்பை விட வெப்பத்துக்கு அஞ்சுபவை. கல்லைக் கழற்ற இயலாத இடத்தில் லேசர் பற்றவைப்பு உண்டா என்று விசாரியுங்கள். அதில் வெப்பம் ஒரு புள்ளியோடு நின்றுவிடும்.

4. புதிய நகை வாங்கினால் ஹால்மார்க் முத்திரையைப் பாருங்கள். 2021 ஜூன் 16 முதல் இது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாளக் குறியுடன்தான் விற்க வேண்டும். அந்தக் குறியை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் பின்னர் எவரோ வைக்கும் பொடிக்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது.

5. பேசியும் தீராவிட்டால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையில் உள்ள குறை 'சேவைக் குறைபாடு' ஆகும். 1915 என்ற எண்ணில் அழைத்து வழி கேட்கலாம். மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதாடலாம்.

6. எதில் கையெழுத்திட்டாலும் படித்துவிட்டு இடுங்கள். நேரம் கேட்பது அவமானம் அன்று.

மோதிரத்தைத் திரும்ப வாங்கச் சென்ற நாள், அந்த இளைஞரிடம் வெண்காரமணிச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். "இதை எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். பிறகு உருப்பெருக்கியை என் கையில் கொடுத்து, நல்ல இணைப்பை எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். எவ்வளவு தேடியும் அந்தக் கோடு எனக்குப் புலப்படவில்லை. பொடி அதற்குரிய இடத்தில் மறைந்திருந்தது.

அக்கா இன்று அந்த மோதிரத்தோடுதான் ஆலைக்குச் செல்கிறாள். வெயிலில் திருப்பினால் விரிசல் தெரியும். அதை அவள் எவரிடமும் மறைப்பதில்லை.